நீற்றுப்பூசணியும் வாசற்பூசணியும்



நவதுர்க்கைகளில் நாலாமவள் கூஷ்மாண்டா. கூஷ்மாண்டம் என்றால் பூசணி. உயிர்ப்பலிக்குப் பதிலாகப் பூசணியை வெட்டிக் குங்குமம் தடவும் வழக்கம் நமது கோயில்களில் உண்டு. வெட்டுப்படுவது காயல்ல, நமது ஆணவமே என்று பெரியோர் விளக்குவர். ஆனால் சென்னையில் ஆயுதபூசையன்று நடுவீதியில் உடைத்த பூசணியில் வழுக்கி மோட்டார்சைக்கிளில் போவோர் விழுகிறார்கள். நமது ஆணவத்தை உடைத்துப் பிறர் காலடியில் போடுவது என்ன வழிபாடோ!

பலிக்குரியது நீற்றுப்பூசணி. மேலே திருநீறு பூசினாற்போல் வெண்மை படர்ந்திருப்பதால் அப்பெயர். அது ஆசியாவிலே பிறந்தது. எடிசன் ஓக் ட்ரீ வீதிக் கடைகளில் கிடைக்கும். சீனக் கடைகளில் 'விண்டர் மெலன்' என்று கேட்டால் துண்டாகவும் தருவார்கள். துண்டு கறிக்கு மட்டும்.

இந்த ஐப்பசியில் நியூ ஜேர்சி வாசல்தோறும் வீற்றிருக்கும் செம்மஞ்சட் பூசணி வேறு. அதன் தாய்நாடு இந்த அமெரிக்கக் கண்டமே. ஐரோப்பியர் கப்பலேறிய பின்தான் அது நம்மூர்ப் பந்தலேறியது. தமிழகத்தில் பறங்கிக்காய் என்று அழைப்பதே சாட்சி. அந்நியமாக வந்த காய் இன்று பொங்கலன்று படைக்கும் கூட்டிலும் இடம்பிடித்துவிட்டது. நாங்களோ எதிர்த்திசையில் வந்தவர்கள்.

ஹலோவீனுக்குப் பூசணியில் முகம் வெட்டவேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் கேட்டபோது வீட்டில் வழக்கு எழுந்தது. பேய்ச் சடங்கு எமக்கேன் என்றார் மாமா ஒருவர். அயர்லாந்துக்காரர் தம் ஊரில் டேர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள். இங்கே குடியேறிய பிறகு பூசணியைக் கண்டுகொண்டார்கள். ஊர்விட்டு வந்தவர்களின் வழக்கத்தைப் பழிக்க நாம் யார்? எமது மனக்குறை வேறு.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்திலிருந்து பல இலட்சம் சனங்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். சிறுபிள்ளைகளாக நாங்களும் நடந்தோம். அம்மா சைக்கிள் கரியரில் கட்டியது ஓர் அரிசிப்பையும் ஒரு பூசணிக்காயும். வெட்டாத பூசணி வாரக்கணக்கில் கெடாது என்பது அவர் கணக்கு. சாவகச்சேரியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத குடும்பத்துக்கும் சேர்த்து அதைக் கறியாக்கினார். விதையை வறுத்து எங்களுக்குத் தந்தார்.

இங்கே நவம்பர் முதல் வாரத்தில், குப்பைவண்டி வரும் நாளில், வீதியோரம் முகம் வெட்டிய பூசணிகள் அழுகிக் கிடக்கும். அம்மா அதைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொள்வார்.

ஆகவே எங்கள் வீட்டுத் தீர்ப்பு: வெட்டுவதில்லை, வரைவதே. கோலமாவைக் குழைத்துக் கண், மூக்கு, வாய் எல்லாம் போட்டாயிற்று. சின்னவள் நெற்றியில் மூன்று குறியும் இட்டுவிட்டாள்! முகம் குடைந்த காயில் சில நாளிலே பூஞ்சணம் பிடிக்கும். முழுக்காய் உறைபனி படாவிட்டால் நவம்பர் நாலாம் வியாழன், தாங்ஸ்கிவிங் வரை நிற்கும். பிறகு கழுவிச் சமைக்கலாம். இதில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். முகம் வெட்டுவதற்கென்று விற்கும் பெரிய காய் தண்ணீர்த்தன்மையானது, சப்பென்றிருக்கும். கறிக்கும் பாயசத்துக்கும் 'பை பம்கின்' எனும் சிறிய காயே நல்லது. ஹலோவீன் முடிந்ததும் பெரும்பாலும் விலை விழும். கணக்காளர் சொல்கிறோம், நம்பலாம்.

சென்ற வருடம் வாசலில் இருந்த காயைப் பாயசமாக்கிக் கோயிலுக்குக் கொண்டுவந்தோம். அம்மா விதைகளைக் கழுவிக் கடதாசியில் காயப்போட்டார். நடுவதற்கா, வறுப்பதற்கா என்று கேட்டோம்.

"இருக்கட்டும்" என்றார்.