தாளின் அடியில் ஒரு சொல்

இருபது வருஷத்துக்கு மேலாக ஆங்கிலப் பாடம் நடத்துகிறேன். விடைத்தாள் திருத்தி முடித்ததும் அடியில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். பெரும்பாலும் கை தானாக ‘இம்ப்ரூவ்’ என்று எழுதிவிடும்.

போன பருவத்தில் ஒரு மாணவி, தன் பாட்டி களத்தில் நெல் தூற்றுவதைப் பற்றி எழுதியிருந்தாள். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பாட்டி காற்றுக்காகக் காத்து நிற்கும் வரியில் என் பேனா நின்றுவிட்டது. வினைச்சொற்களில் ஐந்தாறு பிழைகள். ஆனால் அந்த வரி, கண்ணால் பார்த்தவள் எழுதியது. அதன் கீழே ‘இம்ப்ரூவ்’ என்று எழுத மனம் வரவில்லை.

ஆதாயமாக்குவது என்னும் பொருளில் பழைய பிரெஞ்சு வழக்கிலிருந்து வந்த சொல் அது. நிலத்தை லாபம் தரச் செய்வதற்கும் வெகுகாலம் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஊர்ப் பொது நிலங்களைச் சட்டம் போட்டு வேலியடைத்துத் தனியாருக்கு ஆக்கியதையும் ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்றுதான் சொன்னார்கள். அங்கே மாடு மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் பிழைத்த ஏழைகள் பலர் அந்த உரிமையை இழந்தார்கள்.

அதற்குப் பதிலாக எழுதக்கூடிய வேறு ஆங்கிலச் சொற்களை நினைத்துப் பார்த்தேன். ‘அமீலியரேட்’ என்றால் வறுமை, நெரிசல் போன்ற துன்ப நிலையைத் தணிப்பது. ‘மென்ட்’ கிழிசலைத் தைப்பது. குறையைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் அதன் வேர். ‘என்ஹான்ஸ்’ உயரம் என்பதிலிருந்து பிறந்தது; நன்றாக இருப்பதை இன்னும் உயர்த்துவது. எல்லாவற்றையும் ‘மேம்படுத்து’ என்று தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் எதிரில் இருப்பது துன்பமா, கிழிசலா, நல்லதா என்று பார்த்த பிறகுதான் ஆங்கிலத்தில் சொல்லைத் தொட முடிகிறது.

தமிழில் காட்டையும் திருத்துகிறோம், தாளையும் திருத்துகிறோம், பிள்ளையையும் திருத்துகிறோம். காடு திருத்துகிறவர் இருப்பதை வெட்டிவிட்டுத் தனக்கு வேண்டியதை நடுகிறார். நான் எத்தனை பிள்ளைகளிடம் அப்படி நடந்துகொண்டேனோ என்று அன்று ராத்திரி நெஞ்சு அடித்துக்கொண்டது. என் வகுப்பின் தேர்ச்சி விகிதம் ஏறியதில் ஆதாயம் அவர்களுக்கா, எனக்கா?

அவள் தாளில் வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டு ‘மென்ட்’ என்று எழுதினேன். முறம் வரும் வரியின் பக்கத்தில், ஆங்கிலத் தாளிலேயே, தமிழில் எழுதினேன்: “இது இப்படியே இருக்கட்டும், அம்மா.”