கால்பணமும் முழத்துண்டும்

சாவில் லாபம் பார்க்கலாமா என்று எழுத்தாளர்களிடம் கேட்டால் பதில் உடனே வந்துவிடுகிறது. பிணத்தை வைத்துப் பணம் பண்ணுகிறான் என்று ஒரு முகச்சுளிப்பு. இந்தச் சுளிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரசவம் பார்ப்பவருக்குக் கூலி உண்டு. திவசம் செய்துவைப்பவருக்குத் தட்சிணை உண்டு. பிரேதத்தைத் தொட்டுத் தூக்குபவர் மட்டும் கூலி பற்றிப் பேசக் கூடாது என்பதில் தர்மத்தைவிட அருவருப்பே அதிகம். நம் கிராமங்களில் வெட்டியான் வேலையைப் பிறப்பின் பேரால் சிலர்மீது சுமத்தினோம். விலை பேசும் உரிமையை மறுத்து, கொடுத்ததை வாங்கிக்கொள் என்றோம். அந்த ஏற்பாட்டில் வியாபாரம் இல்லை. கருணையும் இல்லை.

ஆகவே கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும். சாவுக்கு விலை சொல்லும்போது எந்த இடத்தில் அது கெட்டுப்போகிறது?

இதை முழு வளர்ச்சியில் பார்க்க அமெரிக்காவின் ‘ஃப்யூனரல் ஹோம்’ வசதியான உதாரணம். 19-ம் நூற்றாண்டில் அங்கே மேஜை நாற்காலி செய்த தச்சர்கள் சவப்பெட்டியும் செய்தார்கள். பிறகு வண்டி கொடுத்தார்கள். பிறகு முழு ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டார்கள். 1861–65 உள்நாட்டுப் போரில் இறந்தவர்களைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்ப எம்பாமிங் பயன்பட்டது. 1865-ல் பதப்படுத்தப்பட்ட லிங்கனின் உடல் வாஷிங்டனிலிருந்து ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு ரயிலில் போயிற்று. வழியில் நகரம் நகரமாக ஜனங்கள் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்கள். காலப்போக்கில் பிரேதம் வீட்டின் முன்னறையை விட்டு வெளியேறியது. அது போய்ச் சேர்ந்த கடை தனக்கு ‘ஹோம்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. வீட்டில் நடந்தது வீட்டைவிட்டுப் போன பிறகுதான் அந்தப் பெயர் தேவைப்பட்டது.

இத்தொழிலைத் தொடங்குபவரின் கணக்கு விசித்திரமானது. லைசென்ஸ், எம்பாமிங் அறை, பார்வைக்கு வைக்கும் கூடம், சவ ஊர்தி, நடுநிசியில் டெலிபோனை எடுக்க ஓர் ஆள். யாரும் சாகாத வாரத்திலும் இந்தச் செலவு நிற்பதில்லை. வாடிக்கையாளர்களையோ விளம்பரத்தால் பெருக்க முடியாது. ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 9 பேர் இறக்கும் நாட்டில், 10,000 பேர் உள்ள ஊருக்கு 90 சாவுகள். எதிரில் இன்னொரு நிலையம் முளைத்தால் ஆளுக்கு 45. மற்ற வியாபாரங்களில் போட்டி விலையை இறக்கும். இங்கே அது விலையை ஏற்றவும் கூடும். அதே செலவைக் குறைந்த பிணங்கள் சுமக்க வேண்டியிருக்கிறது. வருமானத்தைப் பெருக்க எஞ்சும் எளிய வழி ஒவ்வொரு சாவின் விலையையும் உயர்த்துவது. அதற்கு எதிரே நிற்பவர், பேரம் பேசும் நிலையில் இல்லாத ஒரு மனிதர்.

1963-ல் ஜெஸிக்கா மிட்ஃபோர்டு இத்தொழிலைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குத் தூண்டுதல் அவருடைய கணவர். தொழிற்சங்கங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர். தொழிலாளி இறந்ததும் அவன் குடும்பத்துக்குச் சங்கம் பெற்றுத்தந்த தொகை எவ்வளவோ, அடக்கச் செலவும் ஏறக்குறைய அவ்வளவாகவே வந்து நிற்பதை அவர் கவனித்தார். விலை, பொருளைப் பொறுத்ததாக இல்லை. மடியில் இருந்ததைப் பொறுத்ததாக இருந்தது.

இதுதான் கெட்டுப்போகும் இடம் என்று எனக்குப் படுகிறது. லாபம் இங்கே இரண்டாம் பட்சம். விலை, விலையாகச் சொல்லப்படாமல் அன்பின் அளவாகச் சொல்லப்படுகிறது. மலிவான பெட்டி இருக்கிறதா என்று கேட்பவன் தகப்பனை மலிவாக நேசித்தவன் ஆகிவிடுகிறான். அவன் கேட்கமாட்டான் என்பது விற்பவருக்குத் தெரியும்.

1984-ல் அமுலுக்கு வந்த மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இந்த மௌனத்தைத்தான் உடைக்கப் பார்த்தது. நேரில் கேட்பவர் கையில் இனவாரியான விலைப்பட்டியலைக் கொடுக்க வேண்டும். டெலிபோனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். பெட்டிகளைக் காட்டுமுன் பெட்டிகளின் விலையைக் காட்ட வேண்டும். சட்டம் கேட்காத இடத்தில் எம்பாமிங் சட்டப்படி கட்டாயம் என்று சொல்லக் கூடாது. விலை குறைந்துவிடவில்லை. அந்நாட்டுத் தொழிலதிபர் சங்கத்தின் கணக்கில், உடலைப் பார்வைக்கு வைத்துப் புதைக்கும் சடங்கின் நடுத்தரச் செலவு 2023-ல் 8,300 டாலர். ஆனாலும் இது சிறிய காரியமல்ல. துக்கம் தொடங்குமுன் சொல்லப்பட்ட விலையைத் துக்கத்தின்மீது ஏற்ற முடியாது.

அப்படியானால் விலைப்பட்டியலோடு பிரச்சனை தீர்ந்ததா? இங்கேதான் அரிச்சந்திரன் குறுக்கிடுகிறான். நம் சுடுகாடுகள் பலவற்றின் வாசலில் அவன் பெயரால் ஒரு கல் நிற்கிறது; பாடை அங்கே ஒரு கணம் இறங்கித்தான் உள்ளே போகிறது. அவன் கதையில் விலைப்பட்டியல் இருக்கிறது. கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. எல்லோருக்கும் ஒரே விலை. முன்பே தெரிந்த விலை. பாம்பு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி தூக்கிவருகிறாள். நம் நாடக மரபில் அவன் தன் பங்கான வாய்க்கரிசியை விட்டுக்கொடுக்கிறான். கால்பணத்தையும் முழத்துண்டையும் கேட்கிறான். அவை ஆண்டை வீரவாகுவுக்கு உரியவை.

இதைச் சத்தியத்தின் வெற்றியாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் கருணை காட்டும் உரிமை அந்த இடத்தில் யாருக்கு இருக்கிறது என்றும் கேட்கலாம். நிற்பவனுக்கு இல்லை. உரிமை உள்ள வீரவாகு அங்கே இல்லை.

ஹூஸ்டன் நகரில் 1962-ல் தொடங்கிய சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல் இன்று 1,400-க்கு மேற்பட்ட நிலையங்களை வைத்திருக்கிறது. குடும்பங்கள் நடத்திய நிலையங்களை வாங்கி, வாசலில் பழைய குடும்பத்தின் பெயரையே பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். பெயர் இருக்கிறது, ஆண்டை வேறெங்கோ இருக்கிறார். மேஜைக்குப் பின்னால் நிற்பவர் தன் வாய்க்கரிசியை விடலாம். பங்குதாரரின் கால்பணத்தை எப்படி விடுவார்?

மறுபக்கம் தாமஸ் லிஞ்ச். மிச்சிகனின் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் தகப்பனாரைப் போலவே இத்தொழிலை நடத்தியவர், கவிஞர். அதைப் பற்றி 1997-ல் கட்டுரைப் புத்தகம் எழுதினார். தான் அடக்கம் செய்பவர்களின் பிள்ளைகளை மறுநாள் தெருவில் சந்திக்க வேண்டியவர். இப்படிப்பட்ட உரிமையாளர்களில் குழந்தையின் சாவுக்குப் பணம் வாங்காதவர்கள் பலர் உண்டு. அவர்களால் முடிகிறது, ஏனெனில் பணம் அவர்களுடையது.

ஆனால் உள்ளூர்க்காரர் என்பதனாலேயே ஒருவரை நல்லவராக்கிவிட நான் தயாரில்லை. மிட்ஃபோர்டு கண்ட தந்திரக்காரர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. முகம் பார்த்து விலையை இறக்கும் சுதந்திரமும் முகம் பார்த்து ஏற்றும் சுதந்திரமும் ஒன்றே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் வெட்டி எறிய வேண்டுமானால், பட்டியல் மேல்நோக்கி மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். கீழ்நோக்கித் திறந்திருக்க வேண்டும். அமெரிக்க விதியும் இறக்குவதைத் தடுக்கவில்லை. ஆனால் இறக்குகிற உரிமையுள்ள ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும் என்று எந்த விதியாலும் சொல்ல முடியாது. ஊரில் இப்படியொரு நிலையம் தொடங்க நினைப்பவரிடம் நான் கேட்பது லாபத்தைப் பற்றியதல்ல. சந்திரமதி வெறுங்கையோடு வரும்போது அங்கே நிற்கப்போவது நீங்களா, உங்கள் சம்பளக்காரரா?