கல்லாவில் இருமுகிறவன்

தடுப்பூசி போட்டுக்கொண்டவன் தன்னைக் காத்துக்கொண்டான். தன்னோடு கொடுக்கல் வாங்கல் செய்வோரையும் காத்தவனாவானா? நம் வியாபாரச் சகோதரர்கள் இவ்வினாவைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டு இது எனக்கே நேர்ந்தது. மூன்று ஊசியும் போட்டிருந்தேன். இலேசான ஜலதோஷந்தான், நமக்கென்ன வந்துவிடப் போகிறதென்று சூலியா வீதிக் கடையில் கல்லாவில் அமர்ந்தேன். இரண்டே நாளில் குணமாயிற்று. எழுபதைத் தாண்டிய எங்கள் கணக்கப்பிள்ளைக்கோ பிராணவாயு வைக்கும்படி ஆயிற்று. அல்லாஹ்வின் அருளால் பிழைத்து வந்தார். என்னிடமிருந்துதான் தொற்றியதென்று நிரூபிக்க முடியாது. இல்லையென்றும் என்னால் சொல்ல முடியாது.

என் ஊசி பொய்க்கவில்லை. கையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளையும் ‘டி’ அணுக்கள் என்னும் காவற்படையையும் உண்டாக்குகிறது. கிருமி புகுந்த அணுக்களை இப்படை தேடி அழிக்கும். அதன் ஞாபகமும் பெரிது. 2003-இல் சார்ஸ் நோய் கண்டு பிழைத்தோரின் இரத்தத்தைச் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர் 2020-இல் சோதித்தபோது, 17 ஆண்டுகள் கழித்தும் அப்படை இருக்கக் கண்டனர். ஆயினும் திருடன் உள்ளே நுழைந்தபின் ஓடிவரும் காவலர் இவர். அதற்குள் மூக்கிலும் தொண்டையிலும் பெருகிய கிருமி இருமலோடு அடுத்தவரிடம் போய்விடும்.

ஆகவே வாசலிலேயே காவல் வைக்க நினைத்தார்கள். மூக்கின் ஈரச் சவ்விலேயே எதிர்ப்பொருளும், அங்கேயே குடியிருக்கும் டி அணுக்களும் உண்டாக வேண்டுமென்பது நோக்கம். ஹைதராபாத் பாரத் பயோடெக் கம்பெனியின் ‘இன்கோவேக்’ என்னும் மூக்குச் சொட்டு மருந்துக்கு 2022 செப்டம்பரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2023 ஜனவரி 26-இல் அது வெளியிடப்பட்டது. அப்பொழுது தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விலை 800 ரூபாயாக இருந்தது. ஆனால் அதன் சோதனைகள் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியை அளந்தனவேயன்றி, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது நின்றதா என்பதை அளக்கவில்லை. மாதிரியைப் பார்த்து முழுச் சரக்குக்கும் விலை பேசலாகாதென்பது நமக்குத் தெரியாததா?

மூக்கில் மருந்து என்றதும் நம்மவர் நோன்பைப் பற்றிக் கேட்பர். ஷாஃபி மத்ஹபில் அது நோன்பை முறிக்கும். இஃப்தாருக்குப் பின் இட்டுக்கொள்ளத் தடையில்லை. மேனாடுகளில் வழங்கும் இன்ஃப்ளுவென்சா மூக்கு மருந்தில் பன்றி ஜெலட்டின் சேர்கிறது. அதைப் பற்றி உலமாக்கள் ஒருமுகமாக இல்லை. இவற்றை விசாரிப்பது முறைதான். ஆனால் காய்ச்சலோடு கல்லாவில் அமர்வது ஆகுமா என்று எந்த ஆலிமிடமாவது நாம் கேட்டதுண்டா?

பினாங்கில் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியென் தே, மஞ்சூரியாவில் 1910-11-இல் பரவிய பிளேக் மூச்சின் வழியே தொற்றுவதைக் கண்டு, துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை வற்புறுத்தினார். அதற்கு அடக்கவிலை சில காசுகளே.

கடையை அடைத்தால் வாடகைக்கு யார் பொறுப்பென்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அன்றாடச் சம்பளக்காரன் கேள்வி இன்னும் நியாயமானது: வராவிட்டால் அவனுக்குச் சோறில்லை, ஆகையால் இருமிக்கொண்டே வருகிறான். அவனை அப்படி வரவழைப்பது நோயன்று, நமது சம்பள முறை.

இப்பொழுது எங்கள் கடையில், காய்ச்சலும் இருமலும் கண்டவருக்குச் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பு. முதலாளிக்கும் அதே சட்டம். சென்ற மாதம் நான் மாடியில் அடைந்து கிடந்தேன். கணக்கப்பிள்ளை பேரேட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, கீழிருந்து குரல் கொடுத்துப் போனார்.