தன்னை ஆராயும் நிரல்

சீடன்: சுவாமி, நிரலொன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னுள் இருக்கும் ஒரு கிளாஸைப் பார்த்து, உன்னிடம் உள்ள ஃபீல்டுகள் யாவை, அவற்றின் பெயரும் வகையும் என்ன என்று வினவக்கூடும் எனத் தாங்கள் சொன்னது என் மனத்தை விட்டு அகலவில்லை. எழுதியவன் அறிந்ததை எழுதப்பட்டது எங்ஙனம் அறியும்?

குரு: ஜாவாவில் இதற்கு மாயம் ஏதும் வேண்டியதில்லை, அப்பா. கம்பைலர் ஒவ்வொரு கிளாஸுக்கும் உண்டாக்கும் கோப்பிலேயே ஃபீல்டுகளின் பெயர், வகை, பப்ளிக் பிரைவேட் முதலான அந்தஸ்து எல்லாம் பதிவாகிவிடுகின்றன. 1997-இல் வந்த 1.1 பதிப்பு அப்பதிவை நிரலே படிக்கும்படி வாயில் திறந்தது, அதுவே ரிஃப்ளெக்‌ஷன். தன்னைத் தானே நோக்கும் நிரலைப் பற்றி 1982-இலேயே எம்.ஐ.டி.யில் ஆய்வேடு எழுதிய பிரையன் கான்ட்வெல் ஸ்மித், பிற்காலத்தில் தத்துவ விசாரத்தில் இறங்கியவர் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சீடன்: ஊழியர் என்றொரு கிளாஸ் எழுதிச் சோதித்தேன். கெட்ஃபீல்ட்ஸ் என்று கேட்டபோது பிரைவேட்டான சம்பளம் அகப்படவில்லை. கெட்டிக்ளேர்டுஃபீல்ட்ஸ் என்று கேட்டபோது சம்பளம் வந்தது, ஆனால் தாய்க் கிளாஸிலிருந்து வந்த பெயர் காணாமற்போயிற்று.

குரு: முன்னது முன்னோர் தந்தவற்றையும் சேர்த்துச் சொல்லும், ஆனால் பப்ளிக்கானவற்றை மாத்திரம், பின்னது அந்தரங்கத்தையும் சொல்லும், ஆனால் அந்தக் கிளாஸ் தானே அறிவித்தவற்றை மாத்திரம். முழுமை வேண்டுமாயின் தாய்க் கிளாஸ், அதன் தாய் என்று ஆப்ஜெக்ட் வரையில் ஏறிச்செல். வருகின்ற வரிசையை மட்டும் நம்பாதே.

சீடன்: ஃபீல்டு கையில் கிடைத்தும் சம்பளம் எவ்வளவென்று தெரியவில்லையே?

குரு: வீட்டுப் பத்திரத்தில் எல்லைகள் இருக்குமேயன்றிக் குடியிருப்போர் இருப்பரோ? ஃபீல்டு கிளாஸுக்கு உரியது. மதிப்போ ஒவ்வோர் ஆப்ஜெக்டுக்கும் தனித்தனியே உரியது. ஆகவே எந்த ஊழியரின் சம்பளம் என்று சுட்டியே கேட்கவேண்டும். ஸ்டாட்டிக் ஃபீல்டுக்கு மட்டும் அது வேண்டாம்.

சீடன்: சுட்டியும் கேட்டேன், பிரைவேட் என்று மறுத்தது. செட்ஆக்ஸஸிபிள் என்று ஒரு வரி எழுதினேன், உடனே சொல்லிவிட்டது! இத்தனை எளிதில் திறக்குமாயின் பிரைவேட் என்பதற்குப் பொருள் என்ன, சுவாமி?

குரு: அதை நீ இரகசியம் என்று கொண்டதனால் வந்த மயக்கம் இது. பிரைவேட் என்பது, இதை நாளை நான் மாற்றுவேன், என்னை நம்பி இதன்மேல் எதையும் கட்டாதீர் என்று எழுதியவன் வைத்துக்கொள்ளும் சுதந்திரம். ஆப்ஜெக்டை ஜேசனாக்கும் ஜிசான், தரவுத்தளத்திலிருந்து நிரப்பும் ஹைபர்னேட் போன்றவை உன் கிளாஸுக்குள் நுழைவது உன் சம்மதத்தோடு நடப்பது. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால், 1.2 பதிப்பு தந்த அந்த ஒரு வரியைக் கொண்டு, ஜாவாவின் சொந்த நூலகக் கிளாஸ்களின் உள்ளே எத்தனையோ பேர் கை நுழைத்துப் பழகிவிட்டமையால், உள்ளே ஒரு பெயரை மாற்றினாலும் எங்கோ அந்நியர் ஒருவரின் நிரல் முறியும் என்னும் நிலை உண்டாயிற்று; எட்டிப் பார்த்தவரின் பழக்கம் உடையவரின் கையைக் கட்டிப்போட்டது. 2017-இல் ஒன்பதாம் பதிப்பு மாட்யூல்கள் என்னும் மதிலை எழுப்பியது. 2021-இல் பதினாறாம் பதிப்பு அதன் கதவை இயல்பாகவே மூடியது. காலம் கடந்த காரியம் என்றே சொல்வேன்.

சீடன்: அப்படியானால், ஃபீல்டு என்பதும் ஒரு கிளாஸ்தானே, அதனிடமே அதன் ஃபீல்டுகளைக் கேட்டால்?

குரு: கேட்டவர்கள் உண்டு. அதற்குள் மாடிஃபையர்ஸ் என்றிருந்த ஃபீல்டைத் திருத்தி, ஃபைனல் என்று எழுதியதையும் அழித்து, மாறாதவற்றை மாற்றினார்கள். 2019-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அங்கே ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள்.

சீடன்: கேட்டால் அனுமதியில்லை என்று சொல்லுமோ?

குரு: சொல்லாது. பட்டியல் கேட்டால் வெறும் பட்டியல் வரும். பெயர் சொல்லிக் கேட்டால், அப்படியொரு ஃபீல்டே இல்லை என்னும்.