என்றைக்கும் வைத்திருக்கும் ஒன்று

உலகிலுள்ள கிற்றார்களில் ஒன்றை மாத்திரம் உயிருள்ளவரை வைத்திருக்கலாம், மற்றெதனையும் தொடக்கூடாது என்று விதிக்கப்படின், எதனைத் தெரிவாய்? இசைக்கருவி வாசிக்கும் மாணவர் சிலர் விடுதியறையொன்றிற் கூடுமிடத்து இவ்வினா தவறாது எழும். ஒருவர் கருவியைச் செய்தோன் பெயரைக் கூறுவார். ஒருவர் மரத்தின் வகையைக் கூறுவார். வேறொருவர், தம்மால் ஒருபோதும் வாங்கவியலாத விலையைக் கூறி எல்லோரையும் வாயடைக்கச் செய்வார். இவ்வாண்டு எமது விடுதியிலும் இது நிகழ்ந்தது. என் முறை வந்தபோது என்னால் விடை கூற முடியவில்லை. கூச்சத்தினாலன்று. அவ்வினாவில் வரும் 'என்றைக்கும்' என்ற சொல் என் ஊரில் எவ்வாறு பொருள்படும் என்பதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் ஊர் பேசாலை. மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள மீனவர் ஊர். உப்புக்காற்று ஓயாத இடம். நல்ல கிற்றாரின் பலகை நூற்றுக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வரையான ஈரப்பதனையே விரும்பும் என்பர். எமது கரையின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதியில் அதனை மிஞ்சியே நிற்கும். கம்பி சில கிழமைகளிற் கறள் கட்டும், முறுக்காணி இறுகும், மேற்பலகை ஊதிக் கம்பி உயர்ந்து விரலை வருத்தும். ஒரே மரத்துண்டிலிருந்து அறுத்தெடுத்த பலகையாற் செய்த உயர்ந்த கருவியே இக்காற்றிற்கு முதலிற் பலியாகும். ஒட்டுப்பலகையாற் செய்த மலிவான கருவியோ அசையாமல் நின்றுபிடிக்கும். ஆகவே எமது ஊரைப் பொறுத்தவரையில், மிகச் சிறந்ததைத் தெரிபவன் மிக விரைவில் அதனை இழப்பான். இது வேடிக்கை போலத் தோன்றினும், நான் இங்கு எடுத்துக்கொண்ட விடயத்துக்குப் புறம்பானதன்று.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டிலே தாய்மொழிக்கு இடமளித்ததன் பின்னர், எமது கோவில்களின் பாடகர் குழுக்களிற் கிற்றாரும் புகுந்தது. என் அம்மப்பா அக்காலத்து இளைஞர், ஆசிரியர். 1974ஆம் ஆண்டிற் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கிற்றாரை வாங்கிப் புகைவண்டியில் மடியில் வைத்தே மன்னார் வரை கொண்டுவந்தாராம். அதன் உற்பத்தியாளர் பெயர் அவருக்கு இன்று நினைவில்லை. அந்த இரவுப் பயணத்தில் அருகிலிருந்தவர் அதனைத் தலையணையாகக் கேட்டது மாத்திரம் நன்றாக நினைவிருக்கிறது.

பதினாறு ஆண்டுகள் அதனை அவர் வைத்திருந்தார். 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டது. அதனைத் தொடர்ந்த மாதங்களில் மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறி இராமேசுவரத்துக்கும், அங்கிருந்து மண்டபம் முகாமுக்கும் சென்றனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றரே. எனினும் ஆட்கள் நிறைந்த படகிற் பொருளுக்கு இடமேது? அம்மப்பா எடுத்துச் சென்றவை பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிகள், தமது ஆசிரியச் சான்றிதழ்கள், தையல் இயந்திரத்தின் தலைப்பகுதி, ஒரு பானை, சில உடுப்புகள். கிற்றார் அவற்றுள் இல்லை.

நெருக்கடியில் ஒருவன் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறானோ அதுவே அவன் உண்மையில் நேசித்தது என்று பலர் கருதுகின்றனர். விடுதி விவாதத்திலும் இக்கருத்தே மேலோங்கியிருந்தது. இதனை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. தையல் இயந்திரத்தின் தலையை அம்மப்பா கிற்றாரைவிட நேசித்தார் என்று எவர் கூறுவர்? அது அம்மம்மாவின் உழைப்புக் கருவி. முகாமில் நான்கு பிள்ளைகளுக்கு அது சோறு போட்டது. நிர்ப்பந்தத்தில் நாம் செய்யும் தெரிவு எமது கடமைகளைக் காட்டுகிறதேயன்றி எமது அன்பை அளந்து காட்டுவதில்லை. கடமையும் அன்பும் ஒன்றென்று கொள்வோர் இரண்டில் ஒன்றையேனும் சரிவர அறியாதவராவர்.

இதற்கு மாறான நிகழ்ச்சிகளும் உள. அமெரிக்கப் புளூஸ் இசைக்கலைஞர் பி. பி. கிங் 1949இல் ஆர்க்கன்சாசிலுள்ள ருவிஸ்ற் என்னும் சிற்றூரின் நடனக் கூடமொன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது, இருவர் சண்டையிட்டு மண்ணெண்ணெய் எரிந்த கலத்தைத் தட்டிவிட, கூடம் தீப்பற்றியது. வெளியே ஓடிவந்தவர் கிற்றாரை மறந்துவந்ததை உணர்ந்து மீண்டும் தீக்குள் ஓடி அதனை எடுத்துவந்தார். சண்டை லூசில் என்னும் பெண்ணொருத்தியைப் பற்றியது என மறுநாள் அறிந்து, தம் கிற்றாருக்கு அப்பெயரையே சூட்டினார். பெருமைக்காகவன்று, இத்தகைய மடமையை இனி ஒருபோதும் செய்யலாகாது என்று தம்மை எச்சரித்துக்கொள்ளவே அவ்வாறு செய்ததாகப் பின்னர் அவரே கூறிவந்தார். அதன்பின் அவர் வாசித்த கிற்றார்கள் பல. அனைத்துக்கும் பெயர் லூசிலே. ஆக, அவர் என்றைக்கும் வைத்திருந்தது ஒரு பெயரும் அப்பெயருள் அடங்கிய எச்சரிக்கையுமேயன்றி, தீயிலிருந்து மீட்ட அந்த மரப்பெட்டியன்று. வில்லி நெல்சன் என்னும் பாடகரோ வேறு வகையினர். 1969இல் வாங்கிய மார்ட்டின் கிற்றாரொன்றை, அதன் மேற்பலகை தேய்ந்து துளை விழுந்த பின்னரும் விடாது வாசித்து வருகிறார். அவரும் எரியும் வீட்டினுள் புகுந்தே அதனை மீட்டார். இவ்விருவருள் எவர் வழி உயர்ந்தது என்று நான் தீர்ப்புக் கூறப்போவதில்லை. தீக்குள் ஓடியவர் இருவரும் தத்தம் உயிரையே பணயம் வைத்தனர் என்பதை மாத்திரம் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஏனெனில் அம்மப்பா தெரிந்தது மூன்றாவது வழி. கிற்றாரை அவர் சுமக்கவுமில்லை, கைவிடவுமில்லை. எருக்கலம்பிட்டியிலிருந்த முஸ்லிம் நண்பரொருவரின் வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் படகேறினார். கருவாட்டு வியாபாரம் செய்தவர் அந்நண்பர். அம்மப்பா அவரை 'நானா' என்றும், அவர் அம்மப்பாவை 'மாஸ்ரர்' என்றும் அழைப்பது வழக்கம். ஒரு பொருளை என்றைக்கும் வைத்திருக்க விரும்புவோன் தன்னால் இயலாதபோது செய்யக்கூடியவற்றுள் மிக இயல்பானது இதுவே. தமிழிலே இதற்கென்று அழகிய சொல்லும் உண்டு: அடைக்கலப் பொருள்.

ஆயின் அச்சொல்லின் பாரத்தைச் சிலப்பதிகாரம் படித்தோர் அறிவர். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கும் பகுதியை நாமெல்லாம் பாடத்திற் கற்றிருக்கிறோம். அம்மாதரிக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அடைக்கலம் காக்கத் தவறினேனே என்று அவள் தீயிற் புகுந்து இறந்தாள். கோவலன் கொலையில் அவளுக்கு யாதொரு பங்குமில்லை. பாண்டியன் அவையை அவள் கண்டவளுமில்லை. இருந்தும் ஒப்படைத்தவரின் நம்பிக்கை அவளது உயிரைக் கேட்டது. இளங்கோவடிகள் அந்நிகழ்ச்சியைப் பிறிதொருவர் வாய்மொழியாகச் சில அடிகளிற் கூறிக் கடந்து செல்வது, அதனை மேலும் கொடியதாக்குகிறது என்றே எனக்குப் படுகிறது.

1990 ஒக்ரோபர் மாத இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்களும் அதற்கு விலக்கல்ல. மிகச் சில பைகளையும் சிறிதளவு பணத்தையும் மாத்திரம் கொண்டு, தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டு அவர்கள் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தனர். விடுதியறையில் விளையாட்டாகக் கேட்கப்படும் வினா அவர்களிடம் துப்பாக்கிமுனையிற் கேட்கப்பட்டது. அதிலும் நானாவின் நிலையோ இன்னும் இக்கட்டானது. அவர் முன்னே தம் உடைமைகளுடன் பிறனொருவனின் பொருளும் இருந்தது.

அவர் அதனை எடுத்துச் செல்லவில்லை. எப்படி எடுப்பார்?

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர், கூரையற்றுப்போன தம் வீட்டைப் பார்க்க வந்த நானா பேசாலைக்கும் வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரான சந்திப்பு. என் தாயார் அப்போது அருகில் இருந்தார். நானா தம் வீட்டைப் பற்றியோ, விட்டுச்சென்ற தென்னைகளைப் பற்றியோ, புத்தளத்து முகாமில் மௌத்தாகிய தாயைப் பற்றியோ முதலிற் பேசவில்லையாம். "மாஸ்ரர், உங்கட பொருளைப் பத்திரமா வச்சிருக்க ஏலாமப் போச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்க" என்பதே அவரது முதற் பேச்சு. அம்மப்பாவினால் நெடுநேரம் வாய் திறக்க முடியவில்லை. அனைத்தையும் இழந்த மனிதன் தன்னிடம் வந்து ஒரு கிற்றாருக்காக மன்னிப்புக் கேட்கும் நிலையை உண்டாக்கியது தாமல்லவா என்ற வெட்கம் இன்றும் அவரை விடவில்லை.

அவர் வெட்கப்படுதல் நியாயமா? இதனை என் நண்பனொருவனிடம் கூறியபோது அவன் மறுத்தான். "உன் பாட்டனார் தீங்கேதும் செய்யவில்லை. தீங்கிழைத்தோர் வேறு யாரோ. நம்பி ஒப்படைப்பதுதான் நட்பு, ஒப்படைக்க மறுப்பதே அவமதிப்பு" என்றான். இவ்வாதத்தில் வலுவுண்டு. ஒக்ரோபரில் நிகழவிருந்ததை முன்கூட்டியே எவரும் அறிந்திருக்கவுமில்லை. குற்றம் வேறு, கடன் வேறு என்று பிரித்தால் நண்பன் கூறியது முற்றும் பொருந்தும். அம்மப்பாவிடம் குற்றமில்லை. ஆனால் கடன் உண்டு என்றே நான் கருதுகிறேன். 'என்றைக்கும் என்னுடையது' என்று நான் ஒன்றைக் கூறும்போது, நான் இல்லாத காலங்களில் அதனை எவரோ காக்கவேண்டும் என்பதையும் உடன் கூறிவிடுகிறேன். அந்த எவரோ ஒருவரின் தோளை நான் கேளாமலே கடன் வாங்குகிறேன். பற்றுடைமையின் செலவைப் பற்றுடையோன் மட்டும் செலுத்துவதில்லை.

அவ்வாறாயின் எப்பொருளிலும் பற்று வைக்காதிருத்தலே அறம் என்று கூறிவிடலாமா? கூறுவது எளிது, எமது மரபில் அதற்கு ஆதாரமும் ஏராளம். நான் அப்பக்கம் சாயவில்லை. பண்டைத் தமிழர் பேணிய யாழை எண்ணிப் பார்ப்போம். பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு, செங்கோட்டியாழுக்கு ஏழு என்றெல்லாம் எண்ணிக்கை அறிவோம். ஆனால் பழைய யாழொன்றுகூட எமக்குக் கிடைக்கவில்லை. விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூ'லுக்காக ஆண்டுகள் பல உழைத்து, சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சொற்களிலிருந்து அக்கருவியையும் அதன் இசையையும் கணித்து மீட்க வேண்டியிருந்தது. எங்கேனும் ஒரு பாணன் வீட்டுப் பரணில் ஒரேயொரு யாழ் எஞ்சியிருந்திருப்பின்! அவ்வுழைப்பிற் பெரும்பகுதியை அக்கருவியே ஒரு நாளிற் கூறியிருக்கும். எமது மாதோட்டத்துக் கூத்துகளுக்கு இந்நிலை நேராதது, அண்ணாவிமார் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிவைத்தமையினாலும், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடக'த்தையும் தொடர்ந்து வேறு சில மன்னார் நாடகங்களையும் பதிப்பித்தமையினாலுமே. ஏட்டுக்குப் பிரதி உண்டு. மரத்துக்கும் நரம்புக்கும் பிரதியில்லை. எவரேனும் ஒருவர் ஒன்றை விடாப்பிடியாக வைத்திருக்கத்தான் வேண்டும்.

ஆகவே வைத்திருத்தலும் வேண்டும், அதன் சுமை பிறர்மேல் விழுதலும் தவிர்க்கவியலாது. இம்முரணை அவிழ்க்க நான் முயன்று தோற்றேன். என்னால் இயன்றதெல்லாம் வினாவைச் சிறிது மாற்றிக் கேட்பதே: 'எதனை வைத்திருப்பாய்?' என்பதோடு, 'யாரிடம் கொடுத்துவைப்பாய்? கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பாய்?' என்பதும் கேட்கப்படல் வேண்டும். மாதரியிடம் எவரும் "காக்க முடியாது போயின் உன்மேற் குறையில்லை" என்று சொல்லிவைக்கவில்லை. அம்மப்பாவும் நானாவிடம் அதனைச் சொல்லவில்லை; சொல்லத் தோன்றவில்லை என்கிறார்.

என்னிடமுள்ள கிற்றார் ஒட்டுப்பலகையாற் செய்த மலிவான ஒன்று. உயர்தரப் பரீட்சையின் பின் அம்மப்பா தம் ஓய்வூதியத்தில் வாங்கித் தந்தது. விடுதி வினாவுக்கு இதனையே விடையாகக் கூறியிருப்பின் நண்பர்கள் நகைத்திருப்பர். இறுதியாண்டு முடிந்ததும் நான் சில காலம் வெளிநாடு செல்லவேண்டி வரலாம். கருவியை எங்கு விடுவது என்று சென்ற விடுமுறையில் அம்மப்பாவைக் கேட்டேன். எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிவந்து குடியிருக்கும் நானாவின் பேரன் கிற்றார் பழகுகிறானாம். அவனிடம் கொடு என்றார். வைத்திருக்கவா, அவனுக்கே கொடுத்துவிடவா என்று கேட்டேன். அதற்கு அவர் நேராக விடை கூறவில்லை. கம்பிகளைத் தளர்த்திவிட்டுக் கொடு, இறுக்கியபடி விட்டால் கழுத்து வளைந்துவிடும் என்றார்.