பிள்ளைகள் கொடுக்கும் விலை

நம் இளைஞர்களில் பலருக்கு இன்றோ நாளையோ ஒரு கடிதம் வரும். ஆசிரியருக்கு வரும், தாதிக்கு வரும், போலீஸில் இருப்பவருக்கும் வரும். அதில் ஏதோ ஒரு தூரத்து ஊரின் பெயர் இருக்கும். தனி ஆளாக இருந்தால் ஒரு பையோடு பஸ் ஏறிவிடலாம். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தால்? கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா, போகாமலே இருந்துவிடுவதா? வீடுகளில் இதை வசதியைப் பற்றிய கேள்வியாகத்தான் பேசுகிறோம். எனக்கு இது தர்மத்தைப் பற்றிய கேள்வியாகப் படுகிறது.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தது. நான் லாபு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருக்குப் பேராக்கின் வடகோடியில் இருக்கும் கிரிக்கில் வேலை கிடைத்தது. மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. லாபுவிலிருந்து கிரிக் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ரயில் கோலகங்சாரோடு சரி. அங்கிருந்து லெங்கோங் வழியாகக் காட்டு ஓரச் சாலை. 1982-இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை கிரிக்கில்தான் காட்டுக்குள் நுழைகிறது. சாலை ஓரத்தில் யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருப்பார்கள். பெரிய சிகிச்சை என்றால் தைப்பிங்குக்கோ ஈப்போவுக்கோதான் ஓட வேண்டும்.

செய்தி கேட்டதும் என் அம்மா சொன்னது இதுதான்: "பிள்ளைங்கள என்கிட்ட விட்டுட்டுப் போங்கய்யா. ஒன்னையும் ஒன் தங்கச்சியையும் வளத்தவதானே நான்."

இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டியவர். அவர் நிரைக்குப் போனபோது நாங்கள் ஆயாக் கொட்டகையில்தான் கிடந்தோம். பெற்றவர்கள் மட்டுமே பிள்ளை வளர்ப்பது என்பது தோட்டத்துக்குத் தெரியாத பழக்கம். இதிகாசத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பாண்டவர்கள் 12 ஆண்டு வனவாசம் போனபோது பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. அபிமன்யுவைக் கண்ணன் துவாரகைக்கு அழைத்துப் போனான். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் தாய்மாமன் திருஷ்டத்யும்னனோடு பாஞ்சாலம் போனார்கள். யாரும் பாண்டவர்களைப் பொறுப்பில்லாத தகப்பன்மார் என்று சொன்னதில்லை.

ஆனால் அங்கே காரணம் வேறு. காட்டில் கூரை இல்லை, காவல் இல்லை, துரியோதனன் ஆட்கள் எந்த நேரமும் வரலாம். கிரிக் காடு இல்லை. பள்ளி இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, கோயில் இருக்கிறது, நம் குடும்பங்கள் இருக்கின்றன. ஆபத்து வேறு, சிரமம் வேறு. ஆபத்திலிருந்து பிள்ளையைத் தள்ளி வைப்பது பெற்றவர் கடமை. ஆனால் நமக்குச் சிரமம் என்பதற்காகப் பிள்ளையைத் தள்ளி வைத்துவிட்டு, "பிள்ளையின் நன்மைக்குத்தான்" என்று பெயர் வைக்கக் கூடாது.

இன்னொரு பக்கம், "அதெல்லாம் பிள்ளைங்க பழகிக்கும். நம்ம தாத்தா பாட்டி கடல் தாண்டி வரலையா?" என்று கேட்டவர்களும் உண்டு. உண்மைதான். ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்களின் வாரிசுகள்தான் நாம். கங்காணிமார் சொன்ன வார்த்தையை நம்பி வந்த அந்தப் பயணம் 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை நடந்தது. அதற்குப் பிறகு ஜப்பான்காரன் காலத்தில், 1942-இலும் 1943-இலும், தோட்டத்து மக்களை வடக்கே சயாமுக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலை. நல்ல சம்பளம், சாப்பாடு என்ற பேச்சை நம்பிக் குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் அங்கேயே மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆகவே, "நம் முன்னோர் தாங்கினார்கள், இவர்களும் தாங்குவார்கள்" என்பது நியாயம் ஆகாது. தாங்கியவர்கள்தான் கதை சொல்ல மிஞ்சினார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தை நம் பிள்ளைகளுக்கு விதியாக மாற்றுவது முன்னோருக்குச் செய்யும் மரியாதையும் இல்லை.

அரிச்சந்திரன் கதையை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். தோட்டங்களில் மயான காண்டம் பார்த்து அழுத தலைமுறை நம் பாட்டன் தலைமுறை. அரிச்சந்திரன் நாட்டை இழந்து, மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு காசிக்குப் போனான். வாக்கு கொடுத்தவன் அவன். விற்கப்பட்டவள் சந்திரமதி. தர்ப்பை அறுக்கப் போய்ப் பாம்பு கடித்துக் கிடந்தவன் லோகிதாசன். கதை முடிவில் எல்லாம் திரும்பக் கிடைத்தது. ஆனால் நடுவில் அந்தப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பெரியவர்களின் சத்தியத்துக்குச் சின்னவர்கள் விலை கொடுக்கிறார்கள். அரிச்சந்திரனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நாம் "கடமை" என்று சொல்லும்போது அதன் பில் யார் கைக்குப் போகிறது என்று பார்க்கத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே? மூன்றாவது வழி அதுதான். கேட்க நல்லதாகவும் இருக்கிறது. ஆனால் எனக்கு முதலாம் ஆண்டில் 'அ' எழுதக் கைப்பிடித்தவர் லாபுக்காரர் இல்லை. கெடாவிலிருந்து மாற்றலாகி, கைக்குழந்தையோடு எங்கள் தோட்டத்துக்கு வந்து குடியிருந்த டீச்சர் அவர். "சின்னப் பிள்ளை இருக்கு, அவ்வளவு தூரம் வர முடியாது" என்று அவர் சொல்லியிருந்தால் அதில் தப்பு இல்லை. ஆனால் எங்கள் வகுப்பு என்னவாகியிருக்கும்?

நம் நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150 மாணவர்கூட இல்லாத குறைந்த மாணவர் பள்ளிகள். எல்லா ஆசிரியரும் கிள்ளானிலும் சிரம்பானிலும்தான் இருப்போம் என்றால், இருக்கிற ஒன்றிரண்டு தூரத்துப் பள்ளிகளில் மாற்றலுக்குக் காத்திருப்பவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். என் பிள்ளைக்குப் பாட்டி மடி வேண்டும் என்பது நியாயம். கிரிக் பிள்ளைக்கு ஒரு டீச்சர் வேண்டும் என்பதும் நியாயம். என் பிள்ளை என் பிள்ளையாக இருப்பதால் மட்டும் அதன் நியாயம் பெரியதாகிவிடாது.

இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியவர் திருஞானசம்பந்தரின் தகப்பனார் சிவபாத இருதயர். தலயாத்திரை போக வேண்டும் என்று பிள்ளை கிளம்பியபோது அவர் தடுக்கவில்லை. "பழகிக்கொள்" என்று நடக்கவும் விடவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். திருநெல்வாயில் அரத்துறையில் இறைவன் முத்துச் சிவிகை கொடுப்பதற்கு முந்தைய நாட்களில் அந்தத் தோளும் பிள்ளைக்கு வாகனமாக இருந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. பயணம் உண்டு, ஆனால் பாரம் தகப்பன் தோளில்.

நான் கண்ட நியாயம் இவ்வளவுதான்: பிள்ளைகளோடு தூர ஊருக்குப் போகலாம். ஆனால் அதற்கான விலையில் பெரிய பங்கைப் பெரியவர்கள் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இழப்பதை இழப்பு என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். "அங்க யானை இருக்கு, ஜாலியா இருக்கும்" என்று சொல்லி மூடி மறைக்கக் கூடாது.

அதனால் நிலாயில் பார்த்த தொழிற்சாலை வேலையை நான் விட்டேன். இங்கே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் குறைவு. மதியம் சின்னவனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் இரவு பாட்டியோடு வீடியோவில் பேச்சு. பள்ளி விடுமுறை விட்டால் லாபு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டாயம் போகிறோம். அங்கேதான் மகளுக்கு "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும் பாட்டிமார் கிடைத்தார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை தூரம், ஈப்போ கல்லுமலை இருக்கிறது. இவ்வளவு செய்தும் மகள் சில இரவு "அப்பாயி வீட்டுக்குப் போலாம்ப்பா" என்று அழுகிறாள். அந்த அழுகைக்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாரும் இப்படிப் போகத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தொடர் சிகிச்சை வேண்டிய பிள்ளை இருந்தால், படுக்கையில் பெற்றோர் இருந்தால், போகாமல் இருப்பதே தர்மம். சம்பள உயர்வுக்காக மட்டும் போகிறோம் என்றால் அதையும் அப்படியே சொல்லிக்கொள்ளலாம், சேவை என்று சொல்ல வேண்டாம்.

உங்களுக்கு, இளைஞர்களுக்கு, ஒரு வேண்டுகோள். சிவபாத இருதயரின் தோளுக்குப் பிறகு சிவிகை வந்தது. தூர ஊருக்கு வரும் குடும்பங்களுக்கு அந்தச் சிவிகை நீங்கள்தான். உங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு டீச்சரோ தாதியோ கைப்பிள்ளையோடு வந்தால் முதல் வாரமே போய்க் கதவைத் தட்டுங்கள். பசியாறினீர்களா என்று கேளுங்கள், கிளினிக் எங்கே என்று காட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். எங்களுக்கு இங்கே அப்படி இரண்டு தம்பிகள் வந்தார்கள். வீட்டுச் சாமான் இறக்கவே அவர்கள்தான் கை கொடுத்தார்கள். சின்னவன் இப்போது அவர்களை "மாமா" என்று கூப்பிடுகிறான்.