எதிர் நாற்காலி



செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது ஏதாவது ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் காலையிலேயே போய்ப் பாருங்கள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கால்குலேட்டர், கவிழ்த்து வைத்த நோட்டு. ஆளைக் காணோம், டீ குடிக்கப் போயிருப்பார். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள இடமும், சார்ஜர் செருக வசதியான சுவரோர இடமும் கதவு திறந்த கையோடு போய்விடும்.

இப்படி அடித்துப் பிடித்து வருகிறவர்களில் பலர் அலமாரிப் பக்கம் திரும்புவதே இல்லை. கையில் இருப்பது ஜெராக்ஸ் நோட்ஸ், சீனியர் கொடுத்த பழைய கேள்வித்தாள் கட்டு. “புத்தகத்தைத் தொடாதவனுக்கு நூலகம் எதற்கு?” என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஸ்.ஆர். ரங்கநாதனுக்கும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ரங்கநாதன் சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். வந்த சில நாளிலேயே நூலகத்தின் தனிமை தாங்காமல், பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று போய் நின்றாராம். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். போய்விட்டு வந்தவர் இருபது ஆண்டு அந்த இடத்தை விட்டு அசையவில்லை. 1931இல் அவர் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கும்போது அவர் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்பது வரை போகிறார். அந்த நாற்காலியைத் தேடித்தான் நம் பிள்ளைகள் வருகிறார்கள். 2010இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவே வைத்தார்கள். அங்கேயும் இடம் பிடிக்கப் போட்டிதான்.

வீட்டில் நாற்காலி இல்லையா? இருக்கிறது. கூடவே குக்கர் விசிலும், டிவியும், “சாப்பிட்டுட்டுப் படியேன்டா” என்கிற அம்மாவும் இருக்கிறார்கள். விடுதியில் அரட்டை. நூலகத்தில் மட்டும்தான் சுற்றிலும் நாற்பது பேர் தலை குனிந்திருக்க, நாம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் ஒரு யூனிட்டையாவது முடிக்க வைத்துவிடும்.

நான் எம்.ஏ. இறுதித் தேர்வுக்குப் படித்த மூன்று வாரமும் எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்தத் துறை, தெரியாது. தடித்த புத்தகம், நுணுக்கி எழுதிய கையெழுத்து, சட்டைப்பையில் இரண்டு பேனா. முதல் நாள் என் ஸ்டீல் ஜாமெட்ரி பாக்ஸ் தரையில் விழுந்து மொத்தக் கூடமும் திரும்பியபோது, அவர் ஒருவர்தான் நிமிரவில்லை. அடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு மயக்கத்தில் மேசையில் தலை வைப்பதற்குமுன் ஒரு துண்டுச் சீட்டை என் பக்கம் தள்ளினார். ‘3 மணிக்கு எழுப்பவும்.’ அவ்வளவுதான். பேனா முனையால் மேசையைத் தட்டினேன். எழுந்தார், தலையாட்டினார், விட்ட பக்கத்தைப் பிடித்தார். அதற்குப் பிறகு தினமும் சீட்டு வரும். அவசரமான பாடம் இருந்தால் 2.30. கடைசி வாரம் நானும் சீட்டு எழுதித் தள்ளினேன். ஒருநாள் அவர் அரை மணி தாமதமாகவே எழுப்பினார். வேண்டுமென்றுதான் விட்டிருப்பார்போல, எனக்கு முந்தின இரவு தூக்கமே இல்லை.

ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவருடைய தேர்வு எனக்குமுன் முடிந்திருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறு யாரோ ஒரு பெண், கையில் கலர் ஸ்கெட்ச் பேனாவோடு.

போன மாதம் பரண் ஒழித்தபோது என் பழைய நோட்டு கிடைத்தது. நடுப்பக்கத்தில் அந்தச் சீட்டு ஒன்று, மஞ்சளடித்துப் போய். ‘3 மணி.’ பக்கத்தில் சின்னதாக, ‘இன்று கட்டாயம்.’